எட்டு எழுத்துக்குத்தான் இடம்

போன வருசம் எங்கட கூட்டாளி ஒருவனின் வீட்டில் முப்பதுக்கு மேற்பட்ட ஊர்க்கோழி முட்டைகள் ஒரே இரவில் பழுதாகிப் போயின. வீடு வவுனியாப் பக்கம். அவனுடைய அம்மாவை நாங்கள் எல்லோரும் அன்ரி எண்டுதான் கூப்பிடுவோம். கடையில் வாங்கிய குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்றை வைத்துச் சின்னதாக ஒரு வருமானம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது பெட்டி விடாமல் கத்தத் தொடங்கியது. அதன் குட்டித் திரையில் இரண்டு இங்கிலீசு எழுத்துகள் மின்னின. மகன் கம்பஸில். போன் எடுத்தால் ஆள் நல்ல நித்திரை. சத்தம் நிண்டால் போதும் எண்டு அன்ரி ஒவ்வொரு பட்டனாக அமத்தியிருக்கிறார். சத்தம் நிண்டது. விடியப் பார்த்தால் வெப்பம் 41 பாகையைத் தாண்டி நிற்கிறது. அந்த முட்டைகள் 37.5 பாகையில் இருக்க வேண்டியவை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டில்லைத் தம்பி. அந்தப் பெட்டிக்குத்தான் தமிழ் தெரியாது" என்றார் அன்ரி.

நாங்கள் கலைப்பீடக்காரர். வரலாறும் தமிழும் படிக்கிறவர்கள். சோல்டர் பிடித்த அனுபவம் யாருக்கும் இல்லை. ஆனாலும் பொறியியல் படிக்கிற நண்பன் ஒருவனை இழுத்துக்கொண்டு, தமிழில் மெனு காட்டுகிற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்வதென்று இறங்கினோம். ஒரு கிழமை வேலை எண்டு நினைத்தது இரண்டு மாதம் இழுத்தது. திரையில் தமிழ் ஏன் வரவில்லை என்று தேடப்போய், கடைசியில் ஏட்டுச்சுவடி வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

கரட்டிலிருந்து கல்குலேட்டருக்கு

முதலில் திரையின் கதை. 1888 இல் பிராக் நகரில் பிரீட்ரிக் ரைனிற்சர் என்ற தாவரவியலாளர், கரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டரோலை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். அதிலிருந்து உண்டாக்கிய ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கண்டார். 145.5 பாகையில் அது உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 பாகையில்தான் தெளிந்தது. இடைப்பட்ட அந்த நிலையில் அது திரவம் மாதிரி ஓடியது, பளிங்கு மாதிரி ஒளியைக் கையாண்டது. ஒட்டோ லேமன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் அதை மேலும் ஆராய்ந்தார். திரவப் பளிங்கு என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

பிறகு ஏறத்தாழ எண்பது வருசம் அது ஆய்வுகூடத்து விநோதமாகவே இருந்தது. 1968 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹைல்மையரும் குழுவினரும் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் முதல் திரவப் பளிங்குத் திரைகளைக் காட்டினார்கள். 1970 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மார்ட்டின் ஷாட், வொல்ப்காங் ஹெல்ப்றிக் இருவரும், மின்சாரம் மிகக் குறைவாகக் குடிக்கும் முறுக்கு முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள். இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் கிறே, சாதாரண அறை வெப்பத்திலும் கெடாமல் நிற்கும் பளிங்குகளை உருவாக்கினார். 1973 இல் ஷார்ப் நிறுவனம் எல்.சி.டி. திரையுடன் பொக்கெட் கல்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கல்குலேட்டருக்கு இலக்கம் காட்டினால் போதும். எட்டு என்ற வடிவத்தை ஏழு கோடாகப் பிரித்தால் பத்து இலக்கமும் வந்துவிடும். எழுத்து அப்படியில்லை. அதற்குப் புள்ளிகள் வேணும்.

கறுப்புத் துளிக்குள் ஒரு அச்சுக்கூடம்

நாங்கள் வாங்கிய திரை எல்லாருக்கும் பழக்கமானதுதான். பச்சை அல்லது நீல வெளிச்சம், ஒரு வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி. போட்டோக்கொப்பி மெசினிலும், பக்ஸ் மெசினிலும், கடையில் பில் அடிக்கிற மெசினிலும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அகலத்தில் 5, உயரத்தில் 8 புள்ளிகள். ஒரு எழுத்துக்கு 40 புள்ளி என்றால் முழுத் திரைக்கும் 1,280 புள்ளி.

இந்தப் புள்ளிகளை ஆள ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் ஒரு சிப்பைச் செய்தது. பெயர் எச்.டி.44780. எந்தப் புள்ளி எரிய வேண்டும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. "65 ஆம் எழுத்தைப் போடு" என்றால் அது 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை வரைந்துவிடும். எழுத்துகளின் வடிவங்கள் சிப்புக்குள்ளேயே, அழிக்க முடியாத நினைவகத்தில் இருக்கின்றன. அச்சுக்கோர்ப்பவரின் தட்டில் ஈய எழுத்துகள் பெட்டி பெட்டியாக இருப்பது போலத்தான். மற்ற நிறுவனங்களும் இதே கட்டளைகளைப் பின்பற்றிச் சிப் செய்யத் தொடங்கின. இன்று கடையில் வாங்கும் திரையின் பின்பக்கத்துக் கறுப்புத் துளிகளுக்குள் ஹிட்டாச்சியே இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் பேசுகிற பாஷை அதே பாஷைதான், நாற்பது வருசமாக.

2005 அளவில் இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்பு மாணவர்களுக்காக ஆர்டுயினோ என்ற சின்னச் சுற்றுப்பலகை உருவானது. அதற்கு முன்னர் அதே இடத்தில் ஹெர்னாண்டோ பர்ரகான் தன் முதுகலை ஆய்வுக்காகச் செய்த வயரிங் என்ற திட்டம்தான் அதன் அடித்தளம். கலை படிக்கிறவர்களும் எலக்ட்ரோனிக்ஸ் செய்யலாம் என்பதுதான் அதன் நோக்கம், ஆகவே எங்களுக்கும் கொஞ்சம் துணிவு. அந்தப் பலகையோடு பழகுகிறவர்கள் ஆரம்பத்திலேயே இணைத்துப் பார்ப்பவற்றில் இந்த இரண்டு வரித் திரையும் ஒன்று.

முதல் நாள் எங்களுக்குத் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. வயரை நாலு தரம் கழற்றிப் பூட்டினோம். பிறகு பார்த்தால், பின்னாலுள்ள நீலப் பெட்டியின் திருகைத் திருப்பி எழுத்தின் கடுமையைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் செய்தால் முதலில் அந்தத் திருகைத் திருப்பிப் பாருங்கோ.

தட்டில் யாருடைய எழுத்து?

அந்தச் சிப்பின் எழுத்து அட்டவணையைப் பார்த்தபோதுதான் எங்களுக்குள் இருந்த வரலாற்று மாணவர் விழித்துக்கொண்டார். பொதுவாகக் கிடைக்கும் பதிப்பில் ஆங்கில எழுத்துகள் உண்டு. ஆனால் இடப்பக்கம் சாய்ந்த கோட்டின் இடத்தில் ஜப்பானின் யென் குறி இருக்கிறது. அட்டவணையின் மறுபாதியில் ஜப்பானியரின் கதகானா எழுத்துகள். கூடவே சில கிரேக்க எழுத்துகள், ஆயிரம், பத்தாயிரம், யென் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று கஞ்சி எழுத்துகள். அவ்வளவுதான்.

ஜப்பான்காரர் தங்கள் எழுத்தை வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கவனித்தால் அவர்களும் விலை கொடுத்துத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கஞ்சி எழுத்துகள் வெளியே. ஹிரகானா முழுவதும் வெளியே. கதகானாவில்கூட, எழுத்தின் தலையில் ஒட்ட வேண்டிய ஒலிக்குறிகள் தனிப் பெட்டிக்குப் போய்விட்டன. 'க' ஒலியை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் எழுத்துக்கு ஒரு பெட்டி, குறிக்கு இன்னொரு பெட்டி. 1969 இல் வந்த ஜப்பானிய நியமக் குறியீட்டின் ஒழுங்கு அது. அதை அப்படியே சிப்புக்குள் வைத்தார்கள்.

தமிழ் இல்லை. இடம் போதாது என்பதாலா? நாங்கள் கணக்குப் போட்டோம். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, மெய் 18. இகர ஈகார வரிசைகளுக்கு 36, உகர ஊகாரத்துக்கு 36. அரவு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என நான்கு குறி. மொத்தம் 125. சிப்பில் உள்ள வடிவங்கள் 240. சில எழுத்துகள் ஐந்து புள்ளி அகலத்துக்குள் அடங்காது, ஞகரமும் ணகரமும் இரண்டு பெட்டி கேட்கும். அப்படிப் பார்த்தாலும் ஆங்கிலத்தோடு தமிழும் இருந்திருக்கலாம். வேறு எழுத்து வேண்டுமென்றால் வடிவங்களைக் கொடுத்துத் தனியாகச் செய்விக்கும் வழியையும் ஹிட்டாச்சி வைத்திருந்தது. அதற்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிற சந்தை ஒன்று வேணும். இந்த நாட்டில் 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடுதான் தமிழும் அரசகரும மொழியானது. அரச படிவத்திலேயே தமிழுக்காகக் காத்திருந்த சனம் சிப்பில் எங்கே கேட்கப் போகிறது?

ஆனால் சிப்புக்குள் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. 64 பைட் அளவு நினைவகத்தில் நாங்களே புள்ளி வைத்து எழுத்து வரையலாம். ஒரே நேரத்தில் எத்தனை? எட்டு.

மெனு என்ற தந்திரம்

எட்டு எழுத்தில் என்ன செய்யலாம் என்று பார்ப்பதற்கு முன், மெனு ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு இயந்திரம் என்றால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திருகு, ஒரு ஆளி. எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். சின்னத் திரை மலிவானதும் கதை மாறியது.

நல்ல உதாரணம் 1983 இல் யமஹா விட்ட டி.எக்ஸ்.7 என்ற கீபோர்ட். அதற்கு முந்தைய சிந்தசைசர்களின் முகம் முழுக்கத் திருகுகள். டி.எக்ஸ்.7 இல் தட்டைப் பட்டன்கள், மதிப்பைக் கூட்டிக் குறைக்க ஒரு இழுப்பான், 16 எழுத்தில் இரண்டு வரித் திரை. ஒரு ஒலிக்கு நூற்றுக்கு மேற்பட்ட அளவுகளை மாற்றலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்கலாம். கெட்டித்தனமான இயந்திரம், நிறையவும் விற்றது. ஆனாலும் வாசித்தவர்களில் பெரும்பாலானோர் உள்ளே போய் ஒலியை மாற்றவில்லை. யமஹா போட்டுக் கொடுத்த ஒலிகளையே பாவித்தார்கள். திருகுகளுக்கான செலவு மிச்சம். பதிலுக்கு, எது எங்கே இருக்கிறது என்பதை வாசித்தும் நினைவில் வைத்தும் சமாளிக்க வேண்டிய பாரம் பாவிக்கிறவரின் தலையில். வாசிக்க முடியாதவருக்கு அந்தப் பாரம் இரட்டிப்பு. அன்ரியின் பெட்டியில் நடந்தது அதுதான்.

செய்து பார்த்தால் மெனு என்று தனியாக ஒரு பொருளே இல்லை. ஒரு சொற்பட்டியல். 'இப்ப எத்தனையாவது சொல்லில நிக்கிறம்' என்று ஒரு எண். 'சும்மா பாக்கிறமா, மாத்திறமா' என்று இன்னொரு எண். மேலே, கீழே, சரி, திரும்பு என்று நாலு பட்டன். பட்டனை அமத்தினால் எண் மாறும், எண் மாறினால் திரையை மறுபடி எழுத வேண்டும். அவ்வளவுதான் அடிப்படை.

ஆனால் மூன்று இடத்தில் அடி வாங்கினோம். ஒன்று, பட்டனை ஒரு தரம் அமத்தினால் மெனு மூன்று வரி பாய்ந்தது. பட்டனுக்குள் உள்ள உலோகம் தொடும்போது சில மில்லிசெக்கன் துள்ளும். அதை ஒவ்வொரு துள்ளலாக எண்ணாமல், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு, திரை நடுங்கியது. நாங்கள் ஒவ்வொரு சுற்றிலும் முழுத்திரையையும் அழித்து எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு எழுத்துப் போட 37 மைக்ரோசெக்கன் எடுக்கிற சிப்புக்கு, முழுவதும் அழிக்க 1.52 மில்லிசெக்கன் வேணும். ஏதாவது மாறினால் மட்டும், மாறிய இடத்தை மட்டும் எழுதச் செய்தோம். நடுக்கம் போய்விட்டது. மூன்றாவது முக்கியமானது: கரண்ட் போய் வந்தால் அன்ரி வைத்த அளவு மறக்கக்கூடாது. ஆர்டுயினோவுக்குள் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத 1,024 பைட் நினைவகம் உண்டு. ஒரு இடத்தில் ஒரு லட்சம் தரம் எழுதலாம். 'சரி' பட்டனை அமத்தும்போது மட்டும் அதில் எழுதினோம்.

எட்டுக்குள் தமிழ்

இனி எழுத்து. தமிழ்த் தட்டச்சில் புள்ளி அடித்தால் வண்டி நகராது. பிறகு எழுத்தை அடித்தால் அதன் தலையில் புள்ளி இருக்கும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன இரா. முத்தையா, தமிழுக்கு விசைப்பலகை அமைத்தபோது இப்படிச் சிக்கனம் பிடித்துத்தான் அத்தனை எழுத்தையும் ஒரு பலகைக்குள் கொண்டுவந்தார். எங்கட திரையில் அது நடவாது. ஒரு பெட்டியில் ஒரு வடிவம்தான். 'ப' ஒரு வடிவம், 'ப்' இன்னொரு வடிவம்.

சதுரக் கொப்பியில் புள்ளி வைத்து வரைந்தோம். ட, ப, ம நல்ல பிள்ளைகள், உடனே வந்து குந்தின. 'வெப்பம்' என்ற சொல்லுக்கு ஒற்றைக்கொம்பு, வ, ப், ப, ம் என ஐந்து. 'நாள்' என்பதற்கு ந, அரவு, ள் என மூன்று. ஐந்தும் மூன்றும் எட்டு. திரையில் முதன்முதலாக 'வெப்பம் 37.5' என்று வந்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த பக்கத்துக்கு எட்டு வடிவத்தையும் அழித்துப் புதிதாக வரையலாம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. திரையில் இருக்கும்போதே வடிவத்தை மாற்றினால் ஏற்கெனவே எழுதிய சொல்லும் சேர்ந்து உருமாறும். முதலில் பழையதை அழித்துவிட்டுத்தான் மாற்ற வேணும்.

'முட்டை திருப்பு' என்று ஒரு பக்கம். 'முட்டை'க்கு நான்கு. 'திருப்பு'வில் 'தி' ஒரு பெட்டிக்குள் அடங்க மறுத்தது, இரண்டாக உடைத்தால் மொத்தம் ஒன்பது. ஆகவே 'முட்டை புரட்டு' என்று மாற்றினோம். ட் இரண்டு சொல்லுக்கும் பொது, ஏழு வடிவத்தில் முடிந்தது. அன்ரி பார்த்துவிட்டுச் சிரித்தார். "புரட்டு எண்டா பொய்யெல்லோ பிள்ளையள்? நாங்கள் பிரட்டுறது எண்டுதானே சொல்லுறது." 'பி' எழுதப்போனால் அதற்கும் அதே கொக்கிப் பிரச்சினை. "சரி, புரட்டாவே இருக்கட்டும். பொரிச்சாச் சரி" என்றார்.

அந்த ஐகாரக்கொம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய அச்சில் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரிச் சுருண்டு, ஒவ்வொன்றும் தனி வடிவம். பெரியார் 1935 இல் தன் பத்திரிகையில் கையாளத் தொடங்கி, தமிழ்நாட்டு அரசு 1978 இல் ஏற்றுக்கொண்ட சீர்திருத்தத்தால்தான் ஒரே கொம்பு எல்லா எழுத்துக்கும் பொருந்துகிறது. ஈய எழுத்தைக் குறைக்கச் செய்த வேலை, எங்களுக்கு நினைவகத்தில் இடம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

புள்ளி இல்லாத தமிழ்

பிறகு எங்களுக்கு ஆசை கூடியது. வெப்பம், நாள், ஈரம் மூன்றையும் ஒரே திரையில் காட்டினால் அன்ரிக்குப் பட்டனே அமத்தத் தேவையில்லை. எண்ணிப் பார்த்தால் பத்து வடிவம் வேணும். இரண்டு கூட.

அப்போதுதான் சுவடியியல் வகுப்பு நினைவுக்கு வந்தது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது. அரவும் ரகரமும் ஒரே வடிவம். எகரம் குறிலா நெடிலா என்பதும் பார்த்துத் தெரியாது. குறிலுக்குப் புள்ளி வைக்கச் சொல்லித் தொல்காப்பியம் விதி வைத்திருந்தது. ஆனால் ஓலையில் அது நிற்கவில்லை. கொம்பைச் சுழித்து நெடிலைக் காட்டும் இன்றைய வழக்கை 18 ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். 1880களில் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள், இப்படிப்பட்ட ஏடுகளை வைத்துக்கொண்டு இடம் பார்த்து ஒவ்வொரு எழுத்தையும் தீர்மானித்தார்கள்.

நாங்களும் ஓலைக்காரர் மாதிரிச் செய்து பார்த்தோம். புள்ளியை எடுத்தால் ப், ப இரண்டும் ஒன்று. அரவும் ரகரமும் ஒன்று. பத்து எட்டாகிவிட்டது. 'வெபபம', 'நாள', 'ஈரம' என்று மூன்று சொல்லும் ஒரே திரையில். முந்நூறு வருசத்துக்கு முந்திய ஒரு எழுத்துமுறை, எண்பதுகளின் ஜப்பானியச் சிப்புக்குள் கச்சிதமாகப் பொருந்தியது. சந்தோசத்தில் கட்டுரைத் தலைப்பெல்லாம் யோசித்துவிட்டோம்.

அன்ரியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதென்ன, சின்னப் பிள்ளை எழுதின மாதிரி? புள்ளி எங்க?"

இடம் போதாத கதையைச் சொன்னோம். ஓலைச்சுவடிக் கதையையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி பிள்ளையள். எனக்குப் பட்டன் அமத்துறது கஸ்டமில்லை. புள்ளியைப் போட்டு விடுங்கோ."

ஓலைக்கு வளைந்து கொடுத்தது, ஈயத்துக்கு வளைந்து கொடுத்தது, தட்டச்சுக்கு வளைந்து கொடுத்தது என்று எழுத்தின் வரலாற்றைப் படிக்கும்போது அது எங்களுக்குக் கெட்டித்தனமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு தரமும் அந்த வளைவை வாசித்துத் தீர்க்கிற வேலை யாரோ ஒருவருக்கு விழுகிறது. தாமோதரம்பிள்ளைக்கு அது புலமை. நடுச்சாமத்தில் பெட்டி கத்தும்போது எழும்பி வருகிற ஒருவருக்கு அது வேண்டாத வேலை. புள்ளி போட்ட தமிழை அவர் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டார். திரைக்காக அவர் ஏன் திரும்பப் படிக்க வேணும்? இது எங்களுக்கு முதலே விளங்கியிருக்க வேணும்.

திரும்பி வந்து இரண்டு பக்கமாகப் பிரித்தோம். முதல் பக்கம் வெப்பமும் நாளும், அடுத்த பக்கம் ஈரம். ஏதும் பிழையென்றால் பெட்டி கத்தும், அப்போது எந்தப் பக்கத்தில் நின்றாலும் திரை முதல் பக்கத்துக்குத் தானாக வந்து நிற்கும். வெப்பத்தை 36 க்குக் கீழேயோ 39 க்கு மேலேயோ வைக்க விடாது. பட்டன்களுக்கு மேல் பெயின்ரால் அம்புக்குறி.

இப்போதும் குறைகள் உண்டு. நேரம் மாற்றும் பக்கத்துக்குத் தமிழ்ச் சொல் அடங்கவில்லை, வெறும் இலக்கங்கள்தான். அதை அன்ரி மகனிடம்தான் கேட்கிறார். பெரிய புள்ளித் திரை வாங்கினால் எல்லாத் தமிழும் வரும், கொஞ்சம் காசு கூட. அடுத்த பெட்டிக்கு அதுதான்.

போன மாதம் ஒரு இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது. விடிய அன்ரியே போன் எடுத்துச் சொன்னார். "ராத்திரி கத்தினது. வெப்பம் 36.8 எண்டு காட்டினது, பாத்துக்கொண்டு இருந்தனான், பிறகு ஏறிற்று. இண்டைக்கு நாள் 19. புரட்டுறதை நிப்பாட்டிப் போட்டன்."